கணக்கில் சேர்ந்த பெட்டிகள்

அம்மாவின் அறைச் சன்னலுக்குப் பெரியவள் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. திரை பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. வளையங்கள் துருவேறிக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தன. நாற்காலியில் ஏறி நின்று ஓங்கி இழுத்தாள். ஒரு வளையம் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டு மிச்சத்தையும் இழுத்து மூடினாள்.

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கட்டில் காலி. காலியான அறைக்கு எதற்குத் திரை என்று அவள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, வெயில் கண்ணைக் குத்துகிறது என்று எரிந்து விழுந்திருந்தாள். வெளியே வானம் மூட்டமாக இருந்தது. அவர் எலக்ட்ரீஷியன், எந்த வயரைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர். நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போய்விட்டார்.

அந்தச் சன்னலுக்கு வெளியே தேனீப் பெட்டிகள் மூன்று வரிசையாக நின்றன. அம்மா ஆயுசு முழுக்க வளர்த்தவை. வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் உள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் மரம். அது பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்குத் துக்கத்துக்கு வருகிறவர்கள் யாரும் தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், நாளைக்கு விறகாக்கிவிடலாம் என்று நினைத்திருந்தாள். யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, கார் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருக்கிறாளே தங்கை, அவளுக்குத் தெரியக்கூடாது.

சின்னவள் தலைநகரத்தில் புள்ளிவிவரத் துறையில் இருக்கிறாள். ஆடு மாடு கோழி தேனீ என்று நாட்டில் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது அவள் பிரிவின் வேலை. சொந்தக்காரர்கள் அவளுக்குக் 'கணக்கு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். போன வாரம் டிவி செய்தியில் வந்து, நாட்டில் தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கை முன்னெப்போதையும்விட அதிகம் என்று தலையைக் கோதிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா படுத்தபடியே அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்ன, கண் மங்கிவிட்டது, கேட்டாள். கேட்டுவிட்டு, குரல் நல்லா இருக்கு, கொஞ்சம் மெலிஞ்சிருப்பா போல, என்று மட்டும் சொன்னாள். பெரியவளுக்கு டிவியைத் தூக்கித் தெருவில் போடலாம் போல இருந்தது.

சின்னவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அழுகையில்கூட ஒரு ஒழுங்கு இருந்தது. பெரியவள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததே மத்தியானம், அதற்குள் கைக்குட்டையை மடித்து மடித்துத் துடைக்கிறாளே என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள். இடுப்பு ஒடிய அம்மாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்ததெல்லாம் இவள். அழ வரவில்லை. வந்தால்தானே அழ.

சித்தி ஒருத்தி சின்னவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, தேனீயெல்லாம் அழிஞ்சுபோகுதுன்னு ஊரே பேசுது, நீ கூடிடுச்சுன்னு சொல்ற, எதுதான் நெசம் என்று கேட்டாள். பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது. ஆனால் சித்திக்கு டிவியில் வந்தவளை நேரில் பார்த்த பரவசம். சின்னவள் தாழ்ந்த குரலில், பெட்டிதான் கூடியிருக்கு சித்தி, நாங்க எண்ணுறது பெட்டியை, என்றாள்.

"செத்ததை எண்ண மாட்டாங்க சித்தி. அதுக்கு அந்த ஃபாரத்துல இடம் கிடையாது" என்றாள் பெரியவள்.

 சின்னவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

இது வருஷக்கணக்காக நடக்கிற சண்டை. குளிர்காலம் முடிந்து மூடியைத் திறந்தால் எத்தனையோ பெட்டிகளில் ஈ செத்து அடியில் குவிந்து கிடக்கும். தேனீ வளர்ப்பவர்கள் அதற்காகத் தலையில் கைவைத்து உட்காருவதில்லை. பிழைத்த பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் தேனடைச் சட்டங்களை இரண்டு பங்காக்கி, ராணி இல்லாத பங்குக்குப் புது ராணியைக் கொடுத்து, இன்னொரு பெட்டியில் குடிவைத்துவிடுவார்கள். ஒன்று இரண்டாகிவிடும். கோடையில் எண்ண வருகிற ஆளுக்கு எண்ணிக்கை குறைந்தே தெரியாது. சில வருஷம் கூடியும் இருக்கும். பாதி செத்து, மிச்சத்தைப் பாதியாக்கி, அதை முழுசு என்று எழுதிக்கொள்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று பெரியவள் போனில் கத்துவாள். எந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடியது என்றும் சொல்லலாம், குறைந்தது என்றும் சொல்லலாம், ஒரு இடத்தில் ஏறினால் இன்னொரு இடத்தில் இறங்கியிருக்கும், நாங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறோம், என்று சின்னவள் நிதானமாகச் சொல்வாள். அந்த நிதானம்தான் பெரியவளுக்கு ஆகாது. கடைசியில் சின்னவள் எப்போதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் முடிப்பாள்: உன்னோடதே குறையலையே அக்கா, நீயே குடுத்த எண்ணிக்கைதானே.  பெரியவள் போனை வைத்துவிடுவாள்.

என்னத்தைச் சொல்ல முடியும். அவளிடம் உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் போய்விடும்.

அம்மாவுக்கும் பெரியவளுக்கும் நல்ல வார்த்தை என்று ஒன்று இருந்ததே இல்லை. பெட்டியைத் திறந்தால் இப்படியா திறப்பது, புகை போட்டால் இப்படியா போடுவது, சட்டத்தைத் தூக்குகிறாயா சட்டியைத் தூக்குகிறாயா என்று அம்மா பிடுங்கி எடுப்பாள். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. கையுறையைக் கழற்றி அம்மா காலடியில் எறிந்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. அம்மா படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் பெட்டிகள் கொத்துக் கொத்தாகப் போயின. உன் கையில் விட்டேன் பார், என்று ஒரு வார்த்தை அம்மா சொல்லிவிட்டுச் செத்தால் ஆயுசுக்கும் ஆறாது. பிரித்துப் பிரித்து வைத்துப் பார்த்தாள், பிரித்ததும் நிற்கவில்லை. காலிப் பெட்டிகளை எடுக்காமல் வரிசையிலேயே விட்டாள். வாசலில் ஈ போக்குவரத்து இல்லாவிட்டால் அம்மாவின் மங்கிய கண்ணுக்கும் சந்தேகம் வருமே என்று உள்ளே கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊற்றி வைத்தாள். உயிரோடிருக்கிற பெட்டியின் ஈக்கள் வாடை பிடித்து வந்து மொய்த்தன. சன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாப் பெட்டி வாசலிலும் ஈ. செத்த பெட்டியில் இருக்கிற நோயைப் பாகோடு சேர்த்து வாரிக்கொண்டு போகும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. கழுவித்தானே வைக்கிறோம், கொஞ்சம்தானே ஊற்றுகிறோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த குளிரில் இன்னும் போயின.

சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு அது நன்றாக அடை கட்டியிருக்கிறது, இதன் ராணி முட்டையாக இட்டுத் தள்ளுகிறது, என்று கதை கதையாகச் சொல்வாள். அம்மா கேட்பாள். ஒருநாள், வேலியோரப் பெட்டி ரொம்ப முரடாச்சே, இப்ப எப்படி என்று கேட்டாள். அது செத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சாதுவாயிடுச்சும்மா என்றாள் பெரியவள். அம்மா சிரித்தாள். இவளும் சிரித்தாள். அம்மா திட்டாமல் இவளோடு பேசிய நாட்கள் என்றால் அவைதான்.

பழத்தோட்டக்காரர் வந்தபோது அம்மாவை எடுப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெட்டிகள் நிற்கிற இடத்துக்கு அடுத்த வேலி அவருடையது. கூடத்தில் கைகட்டி நின்றுவிட்டு, பெரியவளைத் தனியாக அழைத்தார். சொல்லவே கூசுகிறது என்று ஆரம்பித்தார். கூசினால் சொல்லாமல் இருக்கவேண்டியதுதானே. மரங்களில் புழு ஏறிவிட்டது, நாளை காலையில் மருந்தடிக்க ஆளும் மெஷினும் வருகிறது, இதை விட்டால் மறுபடி கிடைக்க நாளாகும், இருட்டுவதற்குள் பெட்டிகளை அப்புறப்படுத்திவிட்டால் நல்லது என்றார்.

"எங்கம்மா இன்னும் கூடத்துலதான் இருக்காங்க. உங்க புழு ரெண்டு நாள் பொறுக்காதா?"

அவர் தலை குனிந்துகொண்டார். பொறுக்காது என்று அந்தத் தலையே சொன்னது.

பெரியவளின் வீட்டுக்காரர், சிநேகிதன் ஒருவனிடம் சின்ன லாரி இருக்கிறது, ஓட்டி வருகிறேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தரிசில் இறக்கிவிடலாம் என்றார். ஓட்டுவது மட்டும்தான் அவரால் முடியும். ஒரு ஈ கொட்டினால் போதும், முகம் பூசணிக்காயாக வீங்கி ஆஸ்பத்திரியில் கிடப்பார். வேறு ஆட்களுக்குப் பெட்டியைத் தொடத் தெரியாது, பயம். தேன் நிறைந்த பெட்டியை ஒற்றை ஆள் தூக்க முடியாது. நானே பார்த்துக்கறேன், யாரும் வரவேண்டாம், என்று பெரியவள் நாலைந்து தடவை சொன்னாள். ஒருத்தியா எப்படித் தூக்குவே என்று சித்தி விடாமல் கேட்டாள்.

"நான் பிடிக்கிறேன்" என்றாள் சின்னவள்.

"நீ டிவியில பேசு. அது போதும்."

"எனக்கும் அம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க, பெட்டி தூக்க" என்று சொல்லிவிட்டு சின்னவள் முகம் கழுவப் போனாள்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு வந்தார்கள். வழியெல்லாம் பெரியவளுக்கு அம்மாவைப் பற்றிய நினைப்பே இல்லை. எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது, எதைத் தங்கை தொடாமல் பார்த்துக்கொள்வது என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பெற்றவளைக் குழியில் இறக்கும்போதும் இதே நினைப்பு. அதை எண்ணி அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பையும் தங்கை கணக்கில்தான் எழுதினாள்.

வெயில் தாழ்ந்து ஈக்கள் திரும்பி வரத் தொடங்கியதும் இருவரும் பின்புறம் போனார்கள். லாரியைத் தோட்ட வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை இறுக்க ஏற்றிவிட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பெரியவள் கிழிந்த துணிகளை வாளித் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்திருந்தாள். பெட்டி வாசலை அடைக்க. கோடியிலிருந்து ஆரம்பிக்கலாம், நான் சொல்கிற பெட்டியை மட்டும் பிடி, என்றாள். கோடியில்தான் உயிருள்ளவை இருந்தன.

சின்னவள் காதில் வாங்கவில்லை. நேராக முதல் வரிசைக்குப் போனாள். முதல் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பொக்கென்று வந்தது. வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதுவும் வந்தது. மூன்றாவதையும் தூக்கிப் பார்த்து வைத்தாள்.

 தங்கை திரும்பிப் பார்த்துக் கேட்கப்போகிறாள் என்று பெரியவள் காத்திருந்தாள். அதற்குச் சொல்ல ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. தங்கை திரும்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள்.

"தெரியும்."

"எப்படி?"

"அம்மா சொன்னாங்க. போன குளிர்லயே."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாதே என்றாள்.

"கண்ணுதான் தெரியல. காது கேட்டுச்சு, மூக்கு வேலை செஞ்சுச்சு. பூவே இல்லாத காலத்துல சன்னலுக்கு வெளிய பாகு வாடை அடிக்குது, ஈயெல்லாம் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறுற சத்தம் கேக்குது, காலிப் பெட்டிய வெச்சு உங்கக்கா எனக்குப் படம் காட்டுறான்னு போன்ல சொன்னாங்க."

"அப்புறமும் நீ எல்லாத்தையும் பெட்டின்னு எழுதிக்கிட்ட."

"நீ வரிசையில வெச்ச, நீயே எண்ணிக்கை குடுத்த. நான் எழுதினேன். இப்படி நாலு ஊர்ல நாலு பேர் வெச்சிருந்தா நான் டிவியில வேற என்னத்தைச் சொல்ல?"

பெரியவள் கையிலிருந்த ஈரத்துணியைத் தரையில் அடித்தாள். ஆத்தாளும் மகளுமாகச் சேர்ந்துகொண்டு என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள் என்றாள். தினம் உட்கார்ந்து கதை சொல்கிறேன், அதை அவள் உனக்குப் போனில் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள் என்றாள். குரல் வீட்டுவரைக்கும் கேட்டிருக்கும். சித்தி பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தெரிஞ்சவ சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மிச்சப் பெட்டியாவது தப்பிச்சிருக்குமே என்று கேட்டாள்.

"சொல்றேன்னுதான் சொன்னேன்" என்றாள் சின்னவள். அவளுக்கும் இப்போது குரல் ஏறிவிட்டது. அந்த நிதானம் போன இடம் தெரியவில்லை. "பாகு வெச்சா நோய் எல்லாத்துக்கும் பரவும், ஒண்ணும் மிஞ்சாதும்மா, அக்காகிட்ட சொல்லிடறேன்னு கெஞ்சினேன். நீ சொன்னா உன்னோட பேசவே மாட்டேன்னுட்டாங்க. அவங்களோட ஈயாச்சே, அவங்களே அப்படிச் சொன்னா நான் என்ன பண்ண?"

"ஏன் சொல்லக்கூடாதாம்?"

 சின்னவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"'பெட்டி போனா போகட்டும்டி. பொய் சொல்லவாவது சாயங்காலமானா எம்பக்கத்துல வந்து உக்காருறா'ன்னாங்க."

 ஒரு சட்டம் நசுங்கினால் மூன்று நாள் பேசாமல் இருக்கிற அம்மா அது. வீட்டில் நடந்த கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும்கூட பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்து நின்றவள். சன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாக அடங்கிப்போவதைப் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சாயங்காலம் இவள் போய் உட்கார்ந்ததும், வேலியோரப் பெட்டி எப்படி என்று கேட்டிருக்கிறாள்.

"உனக்கு மட்டும் எல்லாம் சொல்வாங்க" என்றாள் பெரியவள்.

"எனக்குப் போன்லதானே சொன்னாங்க" என்றாள் சின்னவள்.

லாரியிலிருந்து ஹாரன் ஒருதடவை லேசாக அடித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. பெரியவள் தரையில் கிடந்த துணியை எடுத்து மண்ணை உதறினாள். கோடிக்குப் போய், உயிருள்ள முதல் பெட்டியின் வாசலை அடைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தாள். சின்னவள் மறுபக்கம் வந்து பிடித்தாள். இருவரும் ஒன்றாகத் தூக்கினார்கள். கனமான பெட்டி. உள்ளே இரைச்சல் எழுந்து மரத்தின் வழியாக இரண்டு பேர் கைகளிலும் ஏறியது. எம்பக்கம் சாய்க்காதே என்று பெரியவள் வைதாள். நீதான் சாய்க்கிற என்றாள் சின்னவள். லாரிவரைக்கும் அதே சண்டையோடு போய்த் திரும்பி வந்தார்கள்.

உயிருள்ளவை அதிக நேரம் பிடிக்கவில்லை. லாரியில் பாதி இடம் அப்படியே மிச்சம் இருந்தது. அவர் கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கி, அவ்வளவுதானா என்று கேட்டார். இரு, என்று பெரியவள் மட்டும் சொன்னாள்.

அவள் திரும்பி வந்தபோது சின்னவள் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் குந்தியிருந்தாள். ஒரு காலிப் பெட்டியின் வாசலில் ஈரத்துணியைத் திணித்து, விரலால் அழுத்தி, இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். செத்த பெட்டிக்குள் வேறு ஈ புகாமல் வாசலடைத்து வைப்பதுதான் முறை; போன குளிரிலேயே செய்திருக்கவேண்டியது.  பெரியவள் ஒரு கை துணியை அள்ளிக்கொண்டு வேலியோரத்துக்குப் போய், அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

வேலியோரப் பெட்டியின் முன்னால் குந்தினாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டே, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தாள்.

"அதுல ஏதாவது இருக்கா?" என்று அந்தக் கோடியிலிருந்து சின்னவள் கேட்டாள்.

"நீ உன் வேலையப் பாரு" என்றாள் பெரியவள். காதை எடுக்கவில்லை.